பத்தொன்பது கிலோ

அக்காவின் வண்டி ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கும். மடித்தால் ஒரு அடிக்குள் ஒடுங்கிவிடும். விரித்து, கை வளையங்களோடு சேர்த்து அளந்தால் 25 இஞ்ச். எடை 19 கிலோ. இந்த இரண்டு எண்களும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு ஊருக்குப் போகலாமா வேண்டாமா என்பதை இந்த இரண்டும்தான் முடிவுசெய்கின்றன.

சக்கர நாற்காலி என்று எழுதுகிறோம், வீல்சேர் என்று பேசுகிறோம். அக்காவுக்கு அது வண்டி. 2011-ல் பார்க் டவுன் பக்கம் ஒரு சர்ஜிகல் கடையில் 6,500 ரூபாய்க்கு வாங்கினோம். குரோம் பூசிய இரும்புக் குழாய், கறுப்பு ரெக்ஸின் சீட்டு. பின்சக்கரம் இரண்டும் 24 இஞ்ச், காற்றடிக்கும் டயர். பஞ்சர் ஆனால் தெருமுனை சைக்கிள் கடைக்காரரே ஒட்டிக் கொடுத்துவிடுவார். முன்சக்கரம் எட்டு இஞ்ச், கெட்டி ரப்பர். சீட்டுக்கு அடியில் இரண்டு குழாய்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே கிடக்கும், நடுவில் ஒரு போல்ட். சீட்டை நடுவில் பிடித்துத் தூக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நெருங்கி வந்து வண்டி மடங்கும். வண்டியின் உயிர் அந்தக் கத்தரியில்தான் இருக்கிறது.

அந்தக் கத்தரி பிறந்ததே பயணத்துக்காக. ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்று ஓர் அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர். 1918-ல் சுரங்க விபத்தில் முதுகெலும்பு உடைந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். அந்தக் காலத்து நாற்காலிகளில் வீட்டுக்குள் உருளலாம், தோட்டத்தைச் சுற்றலாம். காருக்குள் ஏற்ற முடியாது. அவருக்கு ஊர் சுற்ற வேண்டும். நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் பொறியாளர். இருவரும் சேர்ந்து 1933 வாக்கில் இரும்புக் குழாயில் மடிக்கிற நாற்காலி ஒன்றைச் செய்தார்கள். காரின் பின்பக்கம் வைத்துக்கொண்டு கிளம்பலாம் என்று ஆனது. இன்று உலகம் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நிற்பது பெரும்பாலும் அந்த நாற்காலியின் வாரிசுகள்தான். எங்கள் ஹாலில் நிற்பதும் அதே வம்சம்.

பிறந்த வேகத்தில் அதற்கு விலையும் ஏறியது. அவர்கள் இருவர் பெயரிலும் தொடங்கிய கம்பெனி அமெரிக்கச் சந்தையைக் கையில் வைத்திருந்தது. போட்டியை நசுக்கி விலையை ஏற்றி வைத்திருக்கிறது என்று 1977-ல் அமெரிக்க அரசே அதன்மேல் வழக்குப் போட்டது. நடக்க முடியாதவர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் வண்டியோடு கூடவே வந்தது. நம் நாட்டில் 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது சக்கர நாற்காலிக்கும் 5 சதவீத வரி போட்டார்கள்.

விபத்தில் முதுகெலும்பு அடிபட்ட பிறகு அக்கா வண்டி ஓட்டக் கற்றது வேலூர் சிஎம்சி மறுவாழ்வு மையத்தில். டாக்டர் மேரி வர்கீஸ் 1966-ல் தொடங்கி வைத்த மையம் அது. 1954-ல் கார் விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர். கட்டிலிலிருந்து வண்டிக்கு எப்படி மாறுவது, ஒரு சின்னத் தடையை முன்சக்கரத்தைத் தூக்கி எப்படித் தாண்டுவது, புண் வராமல் இருக்க எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வது, எல்லாம் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். சமதரையாக இருந்தால் அக்காவுக்கு யாரும் வேண்டாம். இது முக்கியம். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போகும் செலவுகளில் ஒன்றுகூட அக்காவின் முதுகெலும்பால் வந்ததில்லை.

போன வருஷம் ஆனி மாதம், ஒருநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, "ஏட்டி, குத்தாலத்துக்குப் போணும்" என்றாள்.

எங்கள் பூர்வீகம் கடையநல்லூர்ப் பக்கம். சின்ன வயதில் சாரல் தொடங்கியதும் அப்பா எங்கள் இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியில் நின்றதும், திரும்பும் வழியில் மங்குஸ்தான் வாங்கித் தின்றதும் இருவருக்கும் நினைவில் இருக்கிறது. சென்னைக்கு வந்து இருபது வருஷம். விபத்துக்குப் பிறகு அக்கா போன இடங்களைக் கணக்கெடுத்தால் ஆஸ்பத்திரி, ஆபீஸ், இரண்டு கல்யாணம், ஒரு துஷ்டி. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

முதலில் தங்க இடம். குற்றாலத்தில் பதினோரு லாட்ஜுகளுக்குப் போன் போட்டேன். "லிஃப்ட் இருக்கு மேடம்" என்று எல்லாரும் சொன்னார்கள். வாசலிலிருந்து லிஃப்டுக்குப் போக எத்தனை படி என்று கேட்டால் மறுமுனையில் கொஞ்சம் மௌனம். மூணு. அஞ்சு. "சின்னப் படிதான் மேடம், நம்ம பசங்க தூக்கிருவாங்க." ஒருவர் சாய்தளம் இருக்கிறது என்றார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னேன். ஸ்கூட்டி ஏற்றுவதற்காகப் படியின்மேல் சிமெண்ட் போட்டுச் சரித்திருந்தார்கள். அதில் வண்டியை விட்டால் பின்பக்கமாகக் குடைசாயும்.

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றுக்குப் பன்னிரண்டு. கொத்தனாருக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், ஒரு இஞ்ச் உயரம் ஏற ஓரடி நீளம். ஒரு படி ஆறு இஞ்ச் என்றால் ஆறடி. மூன்று படிக்குப் பதினெட்டு அடி. இடம் போதாவிட்டால் நடுவில் திருப்பிவிடலாம். வீடு கட்டும்போதே யோசித்தால் இது பெரிய வேலையில்லை, கட்டி முடித்த பிறகு வாசலில் பதினெட்டு அடிக்கு எங்கே போவது?

படியைத் தாண்டினாலும் அடுத்தது பாத்ரூம் கதவு. ஒரு லாட்ஜ் மேலாளர் நல்ல மனிதர். நான் கேட்டதற்காக டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். "22 இஞ்ச் மேடம். பாக்கி ரூமும் அதேதான்." எங்கள் வண்டி 25. மூன்று இஞ்சில் அந்த லாட்ஜ் போனது. ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் வாடகை கொடுக்கத் தயாராக இருந்தோம், அவரும் வாங்கத் தயாராக இருந்தார்.

கடைசியில் தென்காசிப் பக்கம் ஒரு நட்சத்திர ஓட்டலில் இடம் கிடைத்தது. நட்சத்திரத் தகுதி கேட்கிற ஓட்டல்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற அறை ஒன்றாவது இருக்க வேண்டும், கதவு ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் விதி சொல்கிறது. அந்த விதி இருப்பதால் ஓர் அறை இருந்தது. வாடகை 5,500. எங்களுக்கு ஏசியோ நீச்சல் குளமோ காலை பஃபேயோ தேவையில்லை. அகலமான கதவு அந்த விலையில்தான் கிடைத்தது. வசதி உள்ளவர்களில்தான் மாற்றுத்திறனாளிகள் இருப்பார்கள் என்று யாரோ எங்கேயோ முடிவு செய்திருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். கடும் பாதிப்புள்ளவர்களுக்கு அரசு தருகிற பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அந்தத் தொகைக்கு அந்த ஓட்டலில் அரை நாள்கூடத் தங்க முடியாது.

அடுத்து டிக்கெட். இங்கே அரசுக்கு நன்றி சொல்லியாக வேண்டும். துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத உடல் ஊனமுற்றவர்களுக்கு ரயில்வே, ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதச் சலுகை தருகிறது. கூட வரும் ஒருவருக்கும் அதே சலுகை. மூன்றாம் ஏசியில் எனக்கும் அக்காவுக்கும் சேர்த்துப் போக 700 ரூபாய்தான் ஆனது. ஆனால் கூட வருபவர் ஒருவர்தான். நான் அக்காவைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவேன், உடை மாற்றுவேன், ராத்திரி புரட்டிப் படுக்க வைப்பேன். தூக்குவதற்கு என்னால் ஆகாது. அதற்கு என் வீட்டுக்காரர் வந்தாக வேண்டும். அவருக்கு முழு டிக்கெட், போக வர 2,120.

மாற்றுத்திறனாளிகளுக்கென்றே பல ரயில்களில் தனிப்பகுதி உண்டு. லக்கேஜ் வேனோடு ஒட்டி, ரயிலின் தலையிலோ வாலிலோ இருக்கும். கதவு அகலம், கழிப்பறை பெரியது. நல்ல ஏற்பாடு. ஏசி கிடையாது. ஒருமுறை படுக்கைப்புண் வந்து ஆறு மாதம் பட்ட உடம்புக்கு இரவு முழுக்க வேர்வையில் கிடப்பது ஆபத்து. ஏசிப் பெட்டிக்குப் போனால் கதவு குறுகல், இரண்டு வரிசைப் படுக்கைகளுக்கு நடுவே வண்டி திரும்பாது. அகலமான கதவு வேண்டுமா, குளிர்ந்த காற்று வேண்டுமா என்று ஒவ்வொரு பயணத்திலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

கிளம்புகிற நாள் மத்தியானத்திலிருந்தே அக்கா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். அது தப்பு, சிறுநீரகத்துக்குக் கெடுதல் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளுக்கும் தெரியும். ரயில் கழிப்பறைக்குள் போக முடியாது என்பதும் தெரியும். டயப்பர், கதீட்டர், டெட்டால் துடைப்பான், ரப்பர் ஷீட் என்று ஒரு பை. 700 ரூபாய்.

வீட்டு வாசலில் டாக்சி வந்து நின்றது. டிரைவர் டிக்கியைத் திறந்தார். உள்ளே பாதி இடத்தை அடைத்துக்கொண்டு சிஎன்ஜி சிலிண்டர். வண்டியை இப்படி வைத்துப் பார்த்தோம், அப்படி வைத்துப் பார்த்தோம், மூடி சாத்தவில்லை. எவரெஸ்ட் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் காரில் ஏற்றுவதற்கென்றே கண்டுபிடித்த நாற்காலி, இன்றைக்குச் சென்னை வாடகைக் காரில் ஏறாது. அவரை அனுப்பிவிட்டு இன்னோவா வரச் சொன்னோம். 400 ரூபாய் தூரத்துக்கு 900.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் தமிழ்நாட்டில் டிக்கெட்டே இல்லை. 2021-லிருந்து இலவசம். எங்கள் தெரு வழியாகப் போகும் பஸ்ஸில் மூன்று படி. மாற்றுத்திறனாளிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் போராடிய பிறகு, தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் தளம் உள்ள தாழ்தளப் பேருந்துகள் 2024-ல் மறுபடியும் ஓடத் தொடங்கின. ஓட்டுநர் ஒரு பலகையை விரித்தால் வண்டி அப்படியே உருண்டு உள்ளே போகும். அக்கா ஒருமுறை அதில் மெரினா வரைக்கும் போய்வந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை, ஒரு பைசா செலவில்லை. அந்த மாதிரிப் பஸ், ஸ்டேஷனுக்குப் போகும் எங்கள் தடத்திலும் வரும் நாளுக்காகக் காத்திருக்கிறோம்.

பிளாட்பாரத்தில் இரண்டு போர்ட்டர்கள். சக்கர நாற்காலிக்கு இரண்டு பேர், ஸ்ட்ரெச்சருக்கு நான்கு பேர் என்று ரயில்வேயின் கூலிப் பட்டியலிலேயே கணக்கு உண்டு. வண்டியைத் தள்ளுவதோடு அது முடியும். பெட்டிக்குள் ஏற்றுவது பேசித் தீர்த்துக்கொள்வது. 500 ரூபாய்.

ஏற்றுவது எப்படி என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று அக்காவின் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார். போர்ட்டர் ஒருவர் முழங்காலுக்கு அடியில் பிடிப்பார். ஒன்று, ரெண்டு, மூணு. கதவில் தோள் இடிக்கும். உள்ளே இருப்பவர்கள் காலை மடக்கிக்கொள்வார்கள். ஓரிருவர் 'ஐயோ பாவம்' என்பார்கள். உடை விலகும், அதற்காகவே பயணத்தன்று அக்கா சேலை கட்டுவதில்லை. அந்த அரை நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். தூங்குகிறாளா, வலிக்கிறதா என்று ஆரம்பத்தில் பயந்து கேட்டேன். "இல்லட்டி, யாரு மூஞ்சியையும் பாக்காண்டாம்னு" என்றாள்.

பிறகு இன்னொரு போர்ட்டர் மடித்த வண்டியைத் தூக்கி உள்ளே தள்ளுவார். பத்தொன்பது கிலோ. இங்கே நின்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சென்னை ஐஐடியில் 2025 ஜூலையில் ஒய்டி ஒன் என்று ஒரு வண்டியை வெளியிட்டார்கள், 9 கிலோ. என்னாலேயே ஒரு கையில் தூக்கி வைத்துவிட முடியும். இந்த மாதிரி இலேசான வண்டிக்கு அலுமினியமோ டைட்டானியமோ, கூடவே நல்ல வேலைப்பாடும் வேண்டும், எங்கள் வண்டியைப் போலப் பல மடங்கு விலை. விலை குறைந்த வண்டி கனமாக இருக்கும், கனமான வண்டிக்கு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூலி கொடுக்க வேண்டும். 6,500 ரூபாய்க்கு வாங்கிய நாற்காலிக்கு இத்தனை வருஷத்தில் நாங்கள் கொடுத்த தூக்குகூலியைக் கூட்டியிருந்தால் ஒரு நல்ல வண்டியே வாங்கியிருக்கலாம். மொத்தமாகக் கொடுக்க முடியாததால் சில்லறையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

விமானத்தில் போகலாமே என்பதற்கும் பதில் இந்த வண்டியின் உடம்பிலேயே இருக்கிறது. இடது பக்கம் கால் வைக்கும் பலகையைப் பார்த்தால் தெரியும், மற்றதைவிடக் கொஞ்சம் தடிமன், பெயிண்ட் வேறு நிறம். எங்கள் தெரு கிரில் பட்டறையில் வெல்டு வைத்தது. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக ஒரே ஒருமுறை வண்டி விமானம் ஏறியது. சக்கர நாற்காலிக்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி, வாங்கவில்லை. கவுண்டரில் வாங்கி, சூட்கேசுக்குக் கட்டுவதைப் போலவே ஒரு டேக்கைக் கட்டி அனுப்பினார்கள். இறங்கிய ஊரில் பெல்ட்டில் வந்தபோது இடது பலகையைக் காணோம். அந்தப் பாகம் தனியாக எங்கும் கிடைக்கவில்லை. கல்யாண வீட்டில் இரண்டு நாளும் அக்காவின் இடது கால் தொங்கிக்கொண்டே இருந்தது. வீங்கிவிட்டது.

நமக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் விமான நிறுவனங்கள் எத்தனை சக்கர நாற்காலிகளை, மாற்றுத்திறனாளிகளின் ஸ்கூட்டர்களைச் சேதப்படுத்தின, தொலைத்தன, தாமதப்படுத்தின என்று அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். 2023-ஆம் வருஷத்துக் கணக்கு 11,527. இங்கே ஆளையே இறக்கிவிட்டதும் உண்டு. ஜீஜா கோஷ் என்ற மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளரை 2012-ல் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர், ஒரு கருத்தரங்குக்காகக் கோவா போய்க்கொண்டிருந்தார். 2016-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கருத்தரங்கு நான்கு வருஷத்துக்கு முன்பே முடிந்திருந்தது.

காலையில் தென்காசி. சாரல் காற்று முகத்தில் அடித்ததும் அக்கா சிரித்துவிட்டாள். இறக்க 300 ரூபாய். இரண்டு நாளுக்குக் கார் 5,600. மற்றவர்கள் ஷேர் ஆட்டோவில் போகும் தூரம்.

முதல்நாள் சாயங்காலம் ஐந்தருவி. குளிக்கவில்லை. அதற்கு முயற்சி செய்யவும் இல்லை. ரோட்டோரமாக, சாரல் விழுகிற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, பிரேக் போட்டோம். அக்கா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தாள். ரெக்ஸின் சீட்டில் தண்ணீர் தேங்கியது, ஸ்போக்ஸில் சொட்டுச் சொட்டாக நின்றது. போல்ட் துருப்பிடிக்கும் என்று என் வீட்டுக்காரர் கவலைப்பட்டார். "துருப்பிடிக்கட்டும் மாப்பிள்ளே, எண்ணெய் போட்டுக்கிடலாம்" என்றாள். நனைந்த வண்டி அன்றைக்கு இருபது கிலோவுக்கு மேலே இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஆய்க்குடி போனோம். தென்காசியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். அமர் சேவா சங்கம் இருக்கிற ஊர். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். ஊருக்குத் திரும்பி 1981-ல் சில பிள்ளைகளோடு தொடங்கியது அது. தனக்கு மருத்துவம் செய்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்தார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

வாசலில் காரிலிருந்து இறக்கி வண்டியில் உட்கார வைத்தோம். நான் வழக்கம்போலப் பின்னால் கைப்பிடியைப் பிடித்தேன். "விடுட்டி" என்றாள். கை வளையத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். முன்னால் ஒரு சாய்தளம், அதில் ஏறினாள். இன்னொரு கட்டடம், அதற்குள்ளும் போனாள். நான் பின்னாலேயே நடந்தேன், அப்புறம் நின்றுவிட்டேன். முக்கால் மணி நேரம் கண்ணில் படவே இல்லை. திரும்பி வந்தபோது மடியில் ஒரு வாழைப்பழம் இருந்தது, அங்கே ஒரு பிள்ளை கொடுத்ததாம். "பாத்ரூம் போயிட்டு வந்தேன், தனியா" என்றாள். அதே வண்டி. அதே பத்தொன்பது கிலோ. அங்கே அதைத் தூக்க ஓர் ஆளும் தேவைப்படவில்லை. காந்தி நோட்டு ஒன்றுகூடக் கை மாறவில்லை.

சென்னை வந்து இரண்டாம் நாள் அக்கா நோட்டை எடுத்துக் கணக்கு எழுதினாள். கல்லூரி அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள், ரூபாய் தவறாது. சாப்பாடு நீங்கலாக மொத்தம் 24,220. பக்கத்திலேயே இன்னொரு பத்தி போட்டாள். மூன்று படிகள் ஏறத் தெரிந்த ஒருத்தி தங்கையோடு இதே பயணம் போயிருந்தால் என்னென்ன செலவு இருந்திருக்காது என்று. பெரிய காருக்காகப் போக வரக் கூடியது 1,000. போர்ட்டர்கள் போக வர 1,600. ஷேர் ஆட்டோவுக்குப் பதில் கார், 4,600. தூக்குவதற்காக வந்த மூன்றாவது ஆளின் டிக்கெட் 2,120. அகலக் கதவுக்காக இரண்டு ராத்திரிக்கு 8,000. பை 700. ஆகக்கூடி 18,020. எங்கள் இருவர் டிக்கெட்டில் சலுகையால் மிச்சமானது 2,840. இரண்டுக்கும் கீழே கோடு போட்டு நோட்டை மூடி வைத்தாள்.

சலுகை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் பலர் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போக முடியாது. ஆனால் சலுகையை டிக்கெட்டில் வைத்துவிட்டுப் படியை அப்படியே விட்டால், ஒரு கையில் கொடுத்ததை ஆறு மடங்காக இன்னொரு கை வாங்கிக்கொள்கிறது. அந்தக் கை லாட்ஜ்காரருடையதுமில்லை, போர்ட்டருடையதுமில்லை. அவர்கள் தங்கள் வேலைக்கு நியாயமாகத்தான் வாங்குகிறார்கள். கட்டும்போது யாரும் அளக்காமல் விட்ட அந்த மூன்று இஞ்சுக்குத்தான் நாங்கள் பணம் கட்டுகிறோம்.

சட்டம் இல்லாமலில்லை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு அனுமதியும் கொடுக்கக் கூடாது, முடித்ததற்கான சான்றிதழும் கொடுக்கக் கூடாது என்கிறது. இந்த விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்குப் போட்ட ரதூரி பார்வையற்றவர். அனுமதிக் கையெழுத்துப் போடுகிற மேசையில் ஓர் அளவு டேப் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

வண்டி இப்போதும் டிவிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. கத்தரியின் நடு போல்ட்டில் லேசாகத் துரு ஏறியிருக்கிறது, மடிக்கும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறோம். வருகிற ஆனியில் அக்காவுக்கு மறுபடியும் போக வேண்டும், இந்த முறை பழைய குற்றாலம்.

லாட்ஜோ வீடோ கல்யாண மண்டபமோ கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். பாத்ரூமுக்கு நிலை வைக்கும் அன்றைக்கு ஆசாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நிலையின் உள்ளளவு மூன்றடி இருக்கட்டும். சுவரில் செங்கல் கொஞ்சம் மிச்சம்தான் ஆகும்.